தம் போட்ட பிறகு என்ன செய்வது

நம் சமையல்காரர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தீர்கள். தலைப்பையும் நீங்களே கொண்டுவந்திருந்தீர்கள்: டென்ஷன் இல்லாமல் தொழில் செய்வது எப்படி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி மைமூனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகும் சிரித்தாள். சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் போட்டு, செஞ்சியில் இதை எழுத வேறு ஆளே அகப்படவில்லையா என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

அவள் சிரித்தது நியாயம்தான். கல்யாணம், சுன்னத்து, வலிமா விருந்து என்று ஊருக்கெல்லாம் பிரியாணி ஆக்கிப் போட்ட பண்டாரி நான். என் முழுப்பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் மூடி பாய். என் முகத்துக்கு நேரே நீங்கள் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, அந்த மரியாதைக்கு நன்றி. ஆனால் நான் நாலு அடி தள்ளிப் போனதும் நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. முழங்கால்தான் போய்விட்டதே தவிர காது இன்னும் நன்றாக இருக்கிறது.

மசாலா எவ்வளவு, அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும், தெரியாவிட்டால் செல்போனில் ஆயிரம் பேர் சொல்லித்தருகிறார்கள். நான் சொல்ல வந்தது தம் போட்ட பிறகு வரும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றி. அதுவரைக்கும் ஒரே ஓட்டம். கறி லேட்டாக வரும், விறகு ஈரமாக இருக்கும், மாப்பிள்ளை வீட்டில் கூடுதலாக ஒரு வேன் ஆள் வருகிறது என்று எவனாவது ஓடிவந்து சொல்வான். அதெல்லாம் சமாளித்து, முக்கால் பதம் வெந்த அரிசியைக் கறிமேல் கொட்டி, தேக்சாப் பாத்திரத்தை மூடி, மூடியின் ஓரத்தை மைதா மாவால் அடைத்து, அடியில் விறகை இழுத்துவிட்டு, மேலே நெருப்புக் கங்கை அள்ளிப் போட்டுவிட்டால் அப்புறம் மிச்சத்தை உள்ளே இருக்கும் ஆவி பார்த்துக்கொள்ளும். அந்த அரை மணி நேரம் நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் என்னால் கடைசிவரை ஒழுங்காகச் செய்ய முடியவில்லை.

நான் தொழில் பழகிய உஸ்தாது அதில் கெட்டிக்காரர். தம் போட்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை உதறி, விறகுக் கட்டின்மேல் சுருட்டி வைத்து, படுத்துவிடுவார். குறட்டைச் சத்தம் பந்தல் வரைக்கும் போகும். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. ஊரே பசியோடு உட்கார்ந்திருக்கும்போது மனுஷன் எப்படித் தூங்குகிறார், பெயரும் புகழும் வந்ததும் பொறுப்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவர் தோளை உலுக்கி, தேக்சாவுக்குள் ஒரு மாதிரியான சத்தம் கேட்கிறது என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. "சத்தம் தேக்சாவுக்குள்ள கேக்குதா, உனக்குள்ள கேக்குதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூக்கத்தில் உளறுகிறார் என்று முடிவு கட்டினேன். அவ்வளவு புத்திசாலி நான்.

அவருக்குப் பிறகு கரண்டி என் கைக்கு வந்ததும், நான் அவரைப் போல இருக்க மாட்டேன் என்று சபதம் போல எடுத்துக்கொண்டேன். சொன்னபடியே நடந்தேன். தம் போட்டதும் தேக்சாவைச் சுற்றிச் சுற்றி வருவேன். காதை வைத்துக் கேட்பேன், மூக்கை வைத்துப் பார்ப்பேன். அப்புறம் மெல்ல, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, மூடியைத் திறப்பேன். தம்மைத் திறந்தால் ஆவி போய்விடும், மேலே இருக்கிற அரிசி விறைத்துக்கொள்ளும், கீழே இருக்கிறது குழையும். இது நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும் கை போகும்.

வல்லம் பக்கம் ஒரு கல்யாணம். முதல் தடவை, பதமாக இருக்கிறதா என்று பார்க்கத் திறந்தேன். பதமாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை, முதல் தடவை திறந்ததில் ஏதாவது கெட்டுப்போயிற்றா என்று பார்க்கத் திறந்தேன். லேசாகக் கெட்டிருந்தது. மூன்றாம் தடவை அதைச் சரிசெய்யத் திறந்தேன். அதற்குப் பிறகு மூடியதாகவே ஞாபகம் இல்லை. முதல் பந்தியில் பெண்ணின் தாய்மாமன் ஒரு வாய் எடுத்து ரொம்ப நேரம் மென்றார். பிறகு என்னை அருகில் கூப்பிட்டு, நல்ல மனுஷன், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அரிசி நல்ல அரிசிதான் பாய். இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா சோறாவே ஆயிருக்கும்."

என் ஆட்கள் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பவர்களா? நாங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கி டீக்கடைக்குப் போவதற்குள் மூடி பாய் என்கிற பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. இனிமேல் திறக்கவே கூடாது என்று புத்தி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்த புத்தி வேறு. அன்றைக்குத் தவறு நடந்தது திறந்ததால் இல்லை, லேட்டாகத் திறந்ததால் என்று ஒரு வாரம் யோசித்துக் கண்டுபிடித்தேன்.

தொழிலில் இருந்த நோய் வீட்டுக்கும் வந்தது. மைமூன் இட்லி ஊற்றி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனால் நான் இட்லிப் பானையைத் திறந்து பார்ப்பேன். அவள் பானைமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைக்க ஆரம்பித்தாள். திண்டிவனத்துக்கு மதியானப் பஸ் பிடிக்கக் காலையிலேயே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டு, வருகிற டிரைவரிடமெல்லாம் அந்தப் பஸ் இன்றைக்கு உண்டா என்று கேட்பேன். டைம் கீப்பர் என் தொல்லை தாங்காமல் தன் நாற்காலியைக் கொடுத்து உட்கார வைத்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் பயான் பேசும் ஹஜ்ரத், எல்லா பாரத்தையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று உருக்கமாகப் பேசுவார். எனக்குக் கண் கலங்கும். கலங்கிய கண்ணோடு, வாசலில் விட்ட புதுச் செருப்பு இருக்கிறதா என்று திரும்பிப் பார்ப்பேன்.

கடைசியில் உடம்பு சொல்லிவிட்டது. பிரஷர். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, மாத்திரையைவிட முக்கியம், டென்ஷன் ஆகக் கூடாது என்றார். அன்றிலிருந்து எனக்கு டென்ஷன் ஆகிவிடுமோ என்று ஒரு புது டென்ஷன் சேர்ந்துகொண்டது. பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்று வாங்கினேன். பார்த்தேன், கூடுதலாக இருந்தது. பயந்துபோய் மறுபடி பார்த்தேன், இன்னும் கூடியிருந்தது. அடுத்த முறை போனபோது டாக்டர் அந்த மெஷினை மைமூனிடம் கொடுத்து பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். எனக்குக் காலையில் நடக்கச் சொன்னார். கோட்டைப் பக்கம் மரநிழல், நல்ல காற்று, நாலு பேர் நடக்கிற இடம் என்று அவரே சொல்லியனுப்பினார். நான் கேட் திறப்பதற்கு முன்பே போய் நின்று, சாவி வைத்திருக்கிறவர் இன்றைக்கு வருவாரா மாட்டாரா என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன். நடந்ததைவிட நின்றதுதான் அதிகம்.

இந்த லட்சணத்தில் இருந்த ஆளுக்கு, ஒரே மகள் நஸ்ரினுக்குக் கல்யாணம் வந்தது.

அவள் திண்டிவனத்தில் ஒரு லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை ஆரணிப் பையன். ஊரில் மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை அடித்தாயிற்று. பிரியாணி யார் ஆக்குவது என்கிற பேச்சே வீட்டில் எழவில்லை. பண்டாரி வீட்டுக் கல்யாணத்தில் பண்டாரி இருக்கும்போது அதில் என்ன பேச்சு என்று நான் இருந்தேன். நஸ்ரின் வேறு மாதிரி இருந்திருக்கிறாள். ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அத்தாவை அவள் முன்னால் பார்த்ததே இல்லை என்றாள். மண்டபத்துக்குப் பின்பக்கம் போய், புகைக்குள் தேடித்தான் பார்க்க வேண்டும். போட்டோ எதிலும் நான் இல்லை. அவள் ஸ்கூலில் பரிசு வாங்கியபோது நான் வந்தேன், ஆனால் அவள் பேரைக் கூப்பிடும்போது மேல்மலையனூர் பக்கம் ஒரு தேக்சாவை நினைத்துக்கொண்டு வெளியே போனில் இருந்தேன். இதையெல்லாம் அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் சத்தம் போட்டுத் தப்பித்திருப்பேன். அப்புறம் சொன்னாள்:

"நிக்காஹ்ல மாப்ள கையப் புடிச்சி என்ன ஒப்படைக்கறது நீதான் அத்தா. அன்னிக்கி மட்டும் அடுப்புப் பக்கம் போவாத. வேற எதுவும் நான் உன்னக் கேக்கல."

சரிம்மா என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

சமையலை ஏழுமலையிடம் விட்டேன். உங்களுக்கெல்லாம் இன்றைக்கு மாஸ்டராக இருக்கிற அதே ஏழுமலைதான். தளவானூர்க்காரன். என்னிடம் வெங்காயம் உரிக்க வந்து, வருஷக்கணக்காகக் கூடவே நின்று, நான் திறந்த தேக்சாவையெல்லாம் எனக்குத் தெரியாமல் மூடி மூடிக் காப்பாற்றியவன். அவனிடம் கொடுத்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமே இல்லாததால் அந்த வாரம் முழுவதும் அவனுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசி நாள் அவன் போனை எடுக்கவில்லை. அவன் பெண்சாதி எடுத்து, அவர் குளிக்கிறார் என்றாள். அன்றைக்கு அவன் பல தடவை குளித்தான்.

கல்யாணக் காலை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தொப்பி, மேலே அத்தர். மண்டப வாசலில் நின்று வருகிறவர்களைக் கையைப் பிடித்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். முகம் வாசலில் இருந்தது, மூக்கு பின்பக்கம் போய்விட்டது. காற்று மலைப் பக்கமிருந்து மண்டபத்துக்குள் அடித்தது எனக்கு எமனாகப் போயிற்று. வெங்காயம் சிவக்கிறது தெரிந்தது. இஞ்சி பூண்டு பச்சை வாசனை போனது தெரிந்தது. யாரோ ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மகன் துபாய் போன கதையைச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே, தயிர் விழுந்துவிட்டது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். பிறகு அரிசி வடித்த வாசனை வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. தம் போட்டுவிட்டார்கள்.

நானும் ஆன மட்டும் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது, மாலை போட்டேன், சம்பந்தியைக் கட்டித் தழுவினேன். தண்ணீர் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று மச்சானிடம் சொன்னேன். டேங்க் மாடியில் இருந்தது. நான் பின்பக்கம் போனேன்.

தேக்சாக்கள் வரிசையாகக் கங்கைச் சுமந்துகொண்டு இருந்தன. ஏழுமலை ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் மகள், சத்தியம், டாக்டர் எல்லாமே பறந்துவிட்டது. என் மகள் கல்யாணத்தில் இவன் கிரிக்கெட் பார்க்கிறான். அவன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். வேண்டாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசித் தேக்சாவில் இருந்த கங்கை இரும்புக் கரண்டியால் ஒதுக்கினேன். மாவை உடைத்தேன். சட்டை நுனியால் பிடித்து மூடியைத் தூக்கினேன்.

முகத்தில் ஆவி அடித்தது. மூக்குக் கண்ணாடி முழுக்கப் பனி மூடிக்கொண்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூடி ஒரு கையில், கரண்டி ஒரு கையில், கண்ணாடியைத் துடைக்கக் கை இல்லை. அப்படி நின்றுகொண்டிருந்தபோது ஒன்று புரிந்தது: இத்தனை வருஷமாகத் திறந்து திறந்து நான் பார்த்ததும் இதைத்தான், வெறும் ஆவி. தம்பிகளே, சிரிப்பதானால் இப்போது சிரித்துவிடுங்கள். எனக்கு அன்றைக்குச் சிரிக்க நேரம் இல்லை.

ஏனென்றால் மச்சான் மாடியெல்லாம் தேடிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். ஹஜ்ரத் மேடையில் உட்கார்ந்துவிட்டாராம். மாப்பிள்ளை உட்கார்ந்துவிட்டாராம். அவர் எதிரே நான் உட்கார வேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறதாம். ஹஜ்ரத்துக்கு இதை முடித்துவிட்டு இன்னொரு ஊரில் இன்னொரு நிக்காஹ் இருக்கிறது, மாப்பிள்ளை வீட்டில் என்ன விஷயம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "பொம்பளைங்க பக்கம் தெரிஞ்சி போச்சி மாமா," என்றார். "புள்ள அழுவுது."

இப்போது நம் தொழில்காரனாக நின்று யோசித்துப் பாருங்கள். திறந்த தம். ஒவ்வொரு விநாடியும் ஆவி போகிறது. உடனே சுடுதண்ணீர் தெளித்து, நெய் விட்டு, புது மாவு பிசைந்து அடைத்து, கங்கு மாற்றிப் போட்டு, பக்கத்திலேயே நின்றால் ஒருவேளை காப்பாற்றலாம். விட்டால் ஒரு தேக்சா சோறு போகும். மாப்பிள்ளை வீட்டார் ஆரணியிலிருந்து வந்திருக்கிறார்கள், பண்டாரி வீட்டுப் பிரியாணி என்று சொல்லிச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள். சோறு குறைந்தால் என் பேர் போவது பெரிதில்லை, போக அதில் என்ன மிச்சம் இருக்கிறது. நஸ்ரின் போய் வாழப் போகிற வீட்டில் வருஷக்கணக்காக அதைச் சொல்லிக்காட்டுவார்கள். உள்ளே அவள் அழுகிறாள், வெளியே அவளுக்காகத்தான் நிற்கிறேன் என்று என் மனசு எனக்கே வக்கீல் வேலை பார்த்தது. ரெண்டே நிமிஷம் என்று மச்சானிடம் சொன்னேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும், அது பொய் என்று. என் ரெண்டு நிமிஷத்தை என் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஏழுமலை கோபப்படவில்லை. கிட்டே வந்து, மூடியின் இன்னொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"மூடிய எங்கிட்ட குடு பாய்."

நான் விடவில்லை. இன்ன மாதிரி தண்ணீர் தெளிக்க வேண்டும், இன்ன பக்கம் கங்கு கூட்ட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்: "போனா ஒரு தேக்சா சோறு போவும், அவ்ளோதான். நாளைக்கிக் கூட ஆக்கிக்கலாம். அங்க உம்பொண்ணு உக்காந்திருக்குது."

நான் மூடியை விட்டேன். பெரிய ஞானம் வந்து விட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் சோற்றுக்குப் பயப்படுவதா, மகளுக்குப் பயப்படுவதா என்கிற கேள்வியில் மகள் ஜெயித்தாள், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் கை காலியானதும் தோளிலிருந்து எதையோ இறக்கியதுபோல இருந்தது உண்மை. ஓடினேன் என்று எழுத ஆசைதான். முழங்கால் விடவில்லை, வேகமாக நொண்டினேன்.

மேடைக்குப் போகிற வழியில் பெண்கள் பக்கத்துக் கதவு. திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மைமூன் நின்றாள், அவள் பின்னால் நஸ்ரின். மகள் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். சட்டை நுனியில் கரி. முன்கையில் மாவு. நெற்றியில் ஏதோ, பிறகுதான் தெரிந்தது, சாம்பல். எங்கே போயிருந்தாய் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் வந்ததில்லை. வந்துட்டேம்மா என்று மட்டும் சொன்னேன். அவள் தன் பக்கத்தில் நின்ற பெண்ணிடமிருந்து ஒரு கைக்குட்டையை வாங்கி என் நெற்றியைத் துடைத்துவிட்டாள். போ அத்தா, எல்லாரும் பாக்கறாங்க என்றாள்.

மாப்பிள்ளையின் எதிரே உட்கார்ந்தேன். அவர் கையை என் கையில் வைத்தார்கள். ஹஜ்ரத் சொல்லச் சொல்ல நானும் சொன்னேன், என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று. முதல் தடவை பாதியில் நின்றுவிட்டது, மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இவள் எப்படி இருப்பாள், அந்த வீட்டில் என்ன பேசுவார்கள், நான் போய்ப் பார்க்க முடியாத நேரத்திலெல்லாம் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது. எதையும் இனி நான் திறந்து பார்க்க முடியாது. கையேந்தி துஆ கேட்டபோது எனக்கு வேறு வார்த்தையே வரவில்லை, நீ பார்த்துக்கொள் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். எத்தனையோ வெள்ளிக்கிழமை கேட்டும் ஏறாத பயான் அன்றைக்கு அந்த மேடையில் எனக்கு ஏறியது. மனசு அமைதியானது என்று சொன்னால் பொய். அழுது முடித்த பிறகு வருமே ஒரு களைப்பு, அது வந்தது. அது நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டைக் கையில் என் விரல் அத்தனையும் கரியாகப் பதிந்திருந்தது. ஆல்பத்தில் இன்றைக்கும் இருக்கிறது. நான் இருக்கிற முதல் குடும்பப் போட்டோவில் என்னைவிட என் கைரேகைதான் தெளிவாக விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு சம்பந்தி என்னைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார். இதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் ஆக்கிய பிரியாணியை நான் சூடாகச் சாப்பிட்டதில்லை. எல்லாரும் எழுந்துபோன பிறகு, அடியில் ஒட்டியதைச் சுரண்டி, நின்றுகொண்டே இரண்டு வாய் போட்டுக்கொள்வதுதான் பழக்கம், அதுவும் குறை கண்டுபிடிப்பதற்காக. அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு ஒருவன் பரிமாறினான். சோற்றிலிருந்து ஆவி வந்தது. அது எந்தத் தேக்சாச் சோறு என்று பரிமாறுகிறவனைக் கேட்க நாக்கின் நுனி வரை வந்தது, கேட்கவில்லை. இன்றுவரை ஏழுமலையும் சொல்லவில்லை. அந்தத் தேக்சா என்னடா ஆச்சு என்று அப்புறம் ஒருநாள் கேட்டதற்கு, கல்யாணத்தில் எல்லாம் போய்விட்டது பாய் என்றான். அடுத்த மாதமே கரண்டியை அவன் கையில் கொடுத்துவிட்டேன். நான் இருந்தவரைக்கும் அவனும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டான்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தம் போடுகிறவரைக்கும் உயிரைக் கொடுத்து வேலை செய்யுங்கள். அதில் சோம்பல் பட்டுவிட்டு அப்புறம் நிம்மதி என்று உட்கார்ந்தால் அடி வாங்குவீர்கள். போட்ட பிறகு உங்கள் வீட்டார் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள், போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கை அரிக்கும். எனக்கு இன்னும் அரிக்கிறது. மைமூன் அம்மிக் குழவியை இன்னும் எடுக்கவில்லை.

அன்றைக்குப் பந்தியில் சம்பந்தி இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் கொஞ்சம் நிதானித்தார். மரியாதைப்பட்ட மனுஷன், தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. உப்பு ஒரு கை கம்மியா இருக்குதா?"

நான் ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்று பார்த்தேன். கம்மிதான். அந்த மண்டபத்தில் இருந்த எல்லாரையும்விட எனக்குத்தான் அது நன்றாகத் தெரிந்தது. எவ்வளவு கம்மி, எந்தக் கட்டத்தில் விட்டுப்போயிற்று என்பது வரைக்கும் தெரிந்தது. பெண்கள் பக்கத்துக் கதவில் திரை விலகியிருந்தது. நஸ்ரின் கல்யாணப் புடவையோடு அங்கே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பந்தி கேட்டது அவள் காதில் விழுந்திருக்கிறது. நான் எழுந்து அடுப்புப் பக்கம் போய்விடுவேன் என்று அவள் நிற்கிறாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"ஆமா சம்பந்தி, கம்மிதான்," என்றேன். பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, எனக்கு இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்.